கெர்னலுக்குள் புகுந்த புரோகிராமுக்குச் சொந்தக்காரர் யார்?

கைப்பேசியானாலும், வீட்டு மேஜைக் கணினியானாலும், வங்கிக் கணக்குகளைக் காக்கும் பெரிய சர்வரானாலும், அதன் உட்புறத்தில் மற்றெல்லா மென்பொருள்களுக்கும் மேலான அதிகாரத்தோடு அமர்ந்து, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, எந்த வேலை எப்போது நடக்கலாம் என்று தீர்மானிப்பது, வலைப்பின்னல் வழியே வரும் செய்திகளை உரியவரிடம் சேர்ப்பது முதலிய காரியங்களை இடைவிடாமல் நடத்திவரும் மூலப்பகுதி ஒன்று உண்டு. அதைக் கெர்னல் என்பார்கள். சாதாரணப் புரோகிராம் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் நின்றுபோகும். கெர்னலுக்குள் தவறு நேர்ந்தாலோ யந்திரம் முழுவதுமே ஸ்தம்பித்துவிடக்கூடும். ஆகையால் வெளியார் எழுதிய புரோகிராமை அதற்குள் அனுமதிப்பது மிகுந்த யோசனையோடு செய்யவேண்டிய காரியம். உள்ளே விடுமுன் செய்யும் பரிசோதனையைப் பற்றி அறிஞர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். உள்ளே போனபின் அது யாருக்குச் சொந்தம், எவ்வளவு காலம் அங்கே இருக்கலாம், அதை அகற்றும் உரிமை யாருக்கு என்ற கேள்விகளும் அந்தப் பரிசோதனைக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், வேன் ஜேக்கப்ஸன் என்ற இருவர், வலைப்பின்னலில் ஓடும் செய்தித் துண்டுகளாகிய பாக்கெட்டுகளில் வேண்டியவற்றை மட்டும் கெர்னலுக்குள்ளேயே வடிகட்டித் தரும் சிறிய பொறி ஒன்றை வகுத்து, அதற்கு பி.பி.எஃப். என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அலெக்ஸி ஸ்டாரோவாய்டோவ் அதை விரிவுபடுத்தி எழுதியதன் பயனாக, 2014 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் கெர்னலின் 3.18 பதிப்பில் இ.பி.பி.எஃப். என்னும் புதிய அமைப்பு பிரவேசித்தது. இதன்படி ஒருவர் எழுதிய புரோகிராமை வெரிஃபையர் என்ற பகுதி வரிவரியாகச் சோதித்து, முடிவில்லாமல் சுற்றாது, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொடாது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கெர்னல் அதை ஏற்றுக்கொள்ளும். மெட்டா (அன்றைய ஃபேஸ்புக்), கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் தங்கள் சர்வர்களுக்கு வந்து குவியும் பாக்கெட்டுகளைப் பங்கிடவும், தாக்குதல்களை வாசலிலேயே தடுக்கவும் இன்று நம்பியிருப்பது இந்த அமைப்பைத்தான்.

இப்படி ஏற்றப்பட்ட புரோகிராமின் ஆயுளைக் கெர்னல் எவ்வாறு கணக்கிடுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புரோகிராமை ஏற்றியவுடன் கெர்னல் அதற்கு ஈடாக ஓர் எண்ணைக் கொடுக்கும். பெரும்பாலும் 3, 4 என்பது போன்ற சிறிய எண்தான். ஃபைல் டிஸ்கிரிப்டர் எனப்படும் அந்த எண்ணை வைத்திருக்கும் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) உயிரோடிருக்கும்வரை, அந்தப் புரோகிராமை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கெர்னல் தன் கணக்கில் ஒன்று கூட்டி வைத்திருக்கும். பிராசஸ் முடிந்துபோனால், அது தானாக முடிந்தாலும் சரி, யாரேனும் அதைக் கொன்றாலும் சரி, அதன் கையிலிருந்த எண்கள் அனைத்தையும் கெர்னல் மூடிவிட்டுக் கணக்கில் ஒன்று குறைக்கும். கணக்கு பூஜ்யமானதும் புரோகிராமின் காலம் முடிகிறது. அப்போதும் கெர்னல் அவசரப்படுவதில்லை; வேறொரு சி.பி.யு.வில் அதே புரோகிராம் அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கலாமாதலால், முன்னரே தொடங்கியவை யாவும் முடியும்வரை காத்திருந்து, அதன் பின்னரே நினைவகத்தை விடுவிக்கும்.

ஏற்றுவது ஒன்று, மாட்டுவது வேறு. ஏற்றிய புரோகிராமை யந்திரத்தை வலைப்பின்னலோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலோ, பிராசஸ்களின் குழுவாகிய சிகுரூப்பிலோ மாட்டிய பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். முற்காலத்து முறைப்படி அவ்வாறு மாட்டியவுடன், இன்டர்ஃபேஸோ சிகுரூப்போ அந்தப் புரோகிராமைத் தானே பிடித்துக்கொள்ளும். மாட்டிய பிராசஸ் இறந்துவிட்டாலும் புரோகிராம் உள்ளேயே இருந்து, வரும் பாக்கெட்டுகளை எல்லாம் சோதித்துக்கொண்டே இருக்கும். இதனால் இரண்டு விபரீதங்கள் நேர்ந்தன. திடீரென்று வீழ்ந்துபோன பிராசஸ் விட்டுச்சென்ற புரோகிராம், கேட்பாரற்ற அநாதையாகக் கெர்னலுக்குள் தங்கிவிட்டது. அது எதற்காக இருக்கிறது, எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல எவரும் இல்லை. மற்றொன்று இதைவிடக் கொடியது: ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள் வேலை செய்யும்போது, பின்னால் வந்தது முன்னால் இருந்ததை நீக்கிவிட்டுத் தன்னுடையதை மாட்டிவிட முடிந்தது. நெட்வொர்க் நிர்வாக அதிகாரம் இருந்தால் போதும். புரோகிராம் யாருடையது என்ற விசாரணை இல்லை. முன்னதை மாட்டியவருக்கு அறிவிப்பும் இல்லை. தன் காவல் இன்னும் நடக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் லிங்க் என்னும் ஏற்பாடு. ஃபேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்ட்ரி நாக்ரியிகோ இதை வகுத்தார். 2020 மே மாத இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 5.7 பதிப்பில் இது இடம்பெற்றது. புரோகிராம், அது மாட்டப்பட்ட இடம் ஆகிய இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தையே ஒரு தனிப் பொருளாக ஆக்கி, அதற்கென்று ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை வழங்குவதே இதன் சாரம். நிலத்துக்குப் பத்திரம் எப்படியோ, மாட்டப்பட்ட புரோகிராமுக்கு லிங்க் அப்படி: அதை வைத்திருப்பவர் சொந்தக்காரர், அவர் மாற்றலாம், கழற்றலாம், மற்றொரு பிராசஸுக்குக் கைமாற்றியும் கொடுக்கலாம். லிங்க் மூலம் மாட்டப்பட்ட இடத்தில் வேறொருவர் பழைய முறையில் தம் புரோகிராமைத் திணிக்க முயன்றால், இடம் காலியில்லை என்று கெர்னல் மறுத்துவிடும். கையில் வைத்திருந்த பிராசஸ் இறந்து, வேறு எவரும் அதைப் பிடித்திராவிட்டால், புரோகிராம் தானாகவே கழன்றுவிடும்.

தானாகக் கழல்வது எல்லாச் சந்தர்ப்பத்திலும் நன்மை ஆகுமா என்று வாசகர் கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். சர்வர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டறிய ஒரு பொறியாளர் சிறிது நேரம் மாட்டிவைத்த புரோகிராம், அவர் தம் கருவியை மூடியவுடன் சுவடின்றி மறைவதே முறை. ஆனால் தாக்குதலைத் தடுக்கும் காவல் புரோகிராம், அதை மாட்டிய பிராசஸ் வீழ்ந்த அதே கணத்தில் தானும் கழன்றுவிட்டால், காவல் இல்லாத வாசல் வழியே எது வேண்டுமானாலும் உள்ளே புகலாம். இதற்காகவே, குண்டூசியால் குத்தி நிறுத்துவதுபோன்ற ‘பின்’ (pin) செய்தல் என்ற வழி இருக்கிறது. டேனியல் பார்க்மனின் உழைப்பால் 2016 ஜனவரியில் லினக்ஸ் 4.4 பதிப்போடு வந்த இந்த வசதியின்படி, பி.பி.எஃப். பொருளொன்றுக்குத் தனியொரு ஃபைல் சிஸ்டத்தில் பெயர் கொடுத்து வைத்துவிடலாம். பிற்காலத்தில் லிங்குக்கும் இவ்வசதி கிட்டியது. அந்தப் பெயர் இருக்கும்வரை, பிராசஸ் இறந்தாலும் புரோகிராம் வேலை செய்யும். புதிய பதிப்பு வரும்போது அதே பெயரைத் திறந்து, லிங்கைக் கழற்றாமலே உள்ளிருக்கும் புரோகிராமை மட்டும் ஒரே செயலில் மாற்றிவிடலாம். காவலில் இடைவெளி விழாது. யந்திரத்தை மறுதொடக்கம் செய்தாலோ, அந்த ஃபைல் சிஸ்டம் நினைவகத்திலேயே இருப்பதால், அத்தனை பெயர்களும் மறைந்துபோகும்.

நிர்வாகியின் நிலையை எடுத்துக்கொள்வோம். இரவில் சர்வர் தடுமாறுகிறது. அவர் பி.பி.எஃப்.டூல் என்ற கருவியை எடுத்து லிங்குகளின் பட்டியலைக் கேட்கிறார். ஒவ்வொரு லிங்குக்கும் ஓர் அடையாள எண், அது எந்த வகை, எந்தப் புரோகிராமைச் சேர்ந்தது, எந்தப் பிராசஸ் அதைப் பிடித்திருக்கிறது என்பவை வரிசையாக அவர் கண்முன் வந்து நிற்கின்றன. சொந்தக்காரர் இன்னார் என்று தெரிந்த பிறகு அவரிடம் பேசலாம். பேச நேரமில்லாவிட்டால், 5.9 பதிப்பில் சேர்க்கப்பட்ட விசேஷ அதிகாரத்தைக் கொண்டு லிங்கை வலுவில் பிரித்துவிடலாம். அப்போது பிராசஸின் கையில் லிங்க் எஞ்சியிருக்கும். ஆனால் அது எதையும் பற்றியிராத வெறும் கூடு. இன்டர்ஃபேஸே யந்திரத்திலிருந்து நீக்கப்பட்டாலும் இதே கதிதான்.

2023-இல் வெளிவந்த 6.6 பதிப்பு, பாக்கெட்டுகளைக் கையாளும் பழைய இடங்களையும் இந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்து, பல சொந்தக்காரர்களின் புரோகிராம்கள் ஒரே இடத்தில் வரிசைப்படி நிற்க வழி செய்தது. 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலோ, எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையே இ.பி.பி.எஃப். புரோகிராமிடம் ஒப்படைக்கலாம் என்றாயிற்று. அந்தப் புரோகிராமை மாட்டிய பிராசஸ் இறந்து லிங்க் கழன்றாலும், தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒரு வேலை அது கவனியாமையால் நெடுநேரம் தேங்கிக் கிடந்தாலும், கெர்னல் அதை வெளியேற்றிவிட்டுத் தன் பழைய முறைக்குத் திரும்பிக்கொள்ளும். இத்தனை பெரிய அதிகாரத்தைத் துணிந்து கொடுக்க முடிந்ததற்கு, அதைத் திரும்பப் பெறும் வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது முக்கியமான காரணம்.

ஆயினும் எந்த ஏற்பாடும் மனிதருடைய கவனத்துக்கு ஈடாகாது. பின் செய்துவிட்டு மறந்த லிங்க், பழைய அநாதைப் புரோகிராமைப் போலவே, யந்திரம் மறுதொடக்கம் ஆகும்வரை உள்ளே கிடக்கும். பெயர் இருக்கிறது, பொறுப்பேற்பவர் இல்லை என்ற நிலை அங்கேயும் வரக்கூடும். ஆகவே இத்துறையில் பணிபுரியும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கெர்னலுக்குள் எதையேனும் மாட்டுமுன், இது யாருடையது, எதுவரை இருக்கவேண்டும், நான் இல்லாதபோது இதை எடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுதி வைத்துவிட்டு மாட்டுங்கள். விடை தெரியாத புரோகிராமை, அது வெரிஃபையரின் சோதனையில் எவ்வளவு சிறப்பாகத் தேறியிருந்தாலும், உள்ளே விடாதீர்கள்.