18,000 ரூபாயில் மழைநீர் டேங்க் + பம்ப்: போட்ட காசு எப்போ திரும்பி வரும்?

2019 ஜூன் மாசத்துல சென்னையில இருந்தவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணீர் வந்த வருஷம் அது. ஆபீஸுக்கு லீவு போட்டு லாரிக்குக் காத்திருந்தவங்க எத்தனையோ பேர். இத்தனைக்கும் தமிழ்நாட்டுல எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003-லயே சட்டம் வந்தாச்சு. நிறைய வீட்டுல அந்தக் குழாய் இன்னும் இருக்கு, ஆனா அது எங்க போய் முடியுதுன்னுதான் யாருக்கும் தெரியாது!

இந்தப் பதிவுல இதை ஒரு முதலீடாப் பார்ப்போம். உணர்ச்சிவசப்பட்டுச் செலவு பண்ண வேண்டாம், முதல்ல கணக்கு.

1 சதுர மீட்டர் மாடியில 1 மி.மீ. மழை பெய்தா 1 லிட்டர் தண்ணீர். உங்க மொட்டைமாடி 600 சதுர அடின்னா சுமார் 55 சதுர மீட்டர். ஆவியாகிறது, தெறிக்கிறது, அழுக்குன்னு வெளியே விடுறது எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும்னு வெச்சுக்கோங்க. அதாவது ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 44 லிட்டர். சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1,400 மி.மீ. மழை. பெருக்கிப் பார்த்தா 61,000 லிட்டருக்கு மேல. லாரிக் கணக்குல அஞ்சு லாரி!

இந்த நம்பரைக் காட்டித்தான் பெரிய டேங்கை உங்க தலையில கட்டுவாங்க. இங்கதான் உஷாரா இருக்கணும். 1,000 லிட்டர் டேங்க் நிரம்ப வெறும் 23 மி.மீ. மழை போதும், நல்ல ஒரு மணி நேர மழைல முடிஞ்சுடும். அதுக்கப்புறம் பெய்யறது எல்லாம் வழிஞ்சுதான் போகும். மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அதனால டேங்க் எவ்வளவு பெருசுங்கறதை விட, வருஷத்துல எத்தனை தடவை அதைக் காலி பண்ணி மறுபடி நிரப்புறீங்கங்கறதுதான் முக்கியம். மழைக் காலத்துல டேங்க் தண்ணீரைத் தினமும் செலவு பண்ணுங்க. கோடைக்குன்னு பத்திரப்படுத்தி வெச்சா, அந்த 1,000 லிட்டர் ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மூணு நாளைக்குக் கூட வராது.

சரி, செலவு. நான் போட்ட பட்ஜெட் இது, உங்க ஊர்க் கடையில கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் 6,500. அரை ஹெச்.பி. பம்ப் 4,000. பி.வி.சி. பைப், எல்போ, வால்வு எல்லாம் சேர்த்து 3,000. ஃபில்டருக்கு டிரம், ஜல்லி, மணல், கரி 1,000. டேங்க் வைக்க சிமென்ட் மேடை 1,500. பிளம்பர் கூலி 2,000. மொத்தம் 18,000. மேடையில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. நிரம்பின டேங்கோட எடை ஒரு டன். சன்ஷேட் மேலயோ பால்கனியிலயோ வைக்கிற ஐடியாவே வேண்டாம்.

ஃபில்டரை விட முக்கியமானது, முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுற ஏற்பாடு. மாடியில உள்ள தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் வரும். 4 இன்ச் பைப்பைச் செங்குத்தா பத்தடி நிறுத்தி, அடியில மூடி போட்டுடுங்க. முதல்ல வர்ற 27 லிட்டர் வரைக்கும் அதுல நின்னுடும், அது நிரம்பின பிறகுதான் தண்ணீர் டேங்குக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து விட்டுடணும். சில நூறு ரூபாய் வேலை. டேங்க் வாய்க்கும் வழியும் குழாய்க்கும் நைலான் கொசுவலை கட்டாயம், இல்லன்னா டெங்குக் கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

இப்போ பம்ப். என்னைக் கேட்டா கடைசியா வாங்குங்கன்னுதான் சொல்வேன். டேங்கை ரெண்டு மூணு அடி மேடையில வெச்சாலே குழாய்ல தண்ணீர் வரும். வண்டி கழுவ, செடிக்கு ஊத்த, வெளியில துணி துவைக்க அது போதும். மாடியில ஃப்ளஷுக்குத் தண்ணீர் ஏத்தணும்னாதான் பம்ப். வாங்கும்போது ஹெச்.பி.யை மட்டும் கேட்காம ‘எத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏத்தும்’னு கேளுங்க. ஒரு மாடி வீட்டு மொட்டைமாடிக்கு 10 மீட்டர் ஹெட் தாராளம். தண்ணீர் இல்லாம ஓடினா பம்ப் போச்சு, அதனால ஃப்ளோட் ஸ்விட்ச் சேர்த்துக்கோங்க. ஈரமான இடம்கறதால எர்த்திங்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட உறுதிப்படுத்திடுங்க. கரன்ட் பில்லை நினைச்சுப் பயப்பட வேண்டாம், அரை மணி நேரம் ஓடினா கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலதான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா: இந்த லைனை மெட்ரோ வாட்டர் லைனோடவோ, சமையலறைக்குப் போற மாடி டேங்கோடவோ இணைக்கவே கூடாது. ஃப்ளஷுக்குத் தனி டிரம், தனி பைப். பழைய வீட்டுல இதுக்குச் சுவரை உடைக்கணும்னா பட்ஜெட் எகிறிடும், அப்போ பம்ப் இல்லாமலே நிறுத்திக்கோங்க. புதுசா வீடு கட்டறீங்கன்னா ஃப்ளஷ் லைனை இப்பவே தனியா இழுக்கச் சொல்லிடுங்க.

காசு எப்போ திரும்பும்? வருஷத்துல 25 தடவை டேங்க் நிரம்பிக் காலியாகுதுன்னு வெச்சுப்போம். 25,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ரெண்டு. லாரி 2,000 ரூபாய்னா வருஷத்துக்கு 4,000 மிச்சம், நாலரை வருஷத்துல போட்ட காசு வந்துடும். பம்பையும் விட்டுட்டா மூன்றரை வருஷம். உங்க ஏரியா லாரி ரேட்டைப் போட்டு நீங்களே பாருங்க. லாரியே வாங்காத வீடுன்னா, நேர்மையாச் சொல்றேன், டேங்கால பணமா எதுவும் மிச்சமாகாது. உங்களுக்குக் கிணறோ போரோ இருந்தா, டேங்க்ல வழியறதை அதுபக்கத்துல ஒரு உறிஞ்சுகுழிக்குத் திருப்பிவிடுங்க. மேலே சொன்ன 61,000 லிட்டர்ல பாதிக்கு மேல அந்த வழியாத்தான் உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

வாடகை வீட்டுல இருக்கீங்களா? ஓனர்கிட்ட பேசிட்டு, காலி பண்ணும்போது கையோட எடுத்துட்டுப் போகக்கூடிய டேங்க், பம்ப் மட்டும் உங்க காசுல வாங்குங்க. மேடையும் குழியும் அவர் செலவு. பழைய நீல டிரம் மலிவாக் கிடைக்குதுன்னா, உள்ளே முன்னாடி என்ன இருந்ததுன்னு கேட்டுட்டு வாங்குங்க. கெமிக்கல் டிரம்னா வேண்டவே வேண்டாம்.

இதுக்காக பெர்சனல் லோனோ கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யோ போட்டீங்கன்னா, மிச்சமாகிற 4,000-ல ஒரு பகுதி வட்டிக்கே போயிடும். ஏப்ரல்ல மாசம் 3,000 ரூபாய்க்கு ஆறு மாச ஆர்.டி. ஆரம்பிங்க. அக்டோபர் தொடக்கத்துல 18,000-மும் கொஞ்சம் வட்டியும் கையில இருக்கும். பிளம்பர்கிட்ட மட்டும் செப்டம்பர்லயே தேதி வாங்கி வெச்சுடுங்க, மழை ஆரம்பிச்சுட்டா அவர் போனையே எடுக்க மாட்டார்.