மீண்டும் மாணவராவோம்

உத்தியோகம் கிடைத்தவுடன் கல்வி முடிந்துவிட்டதாக எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு, வேலையும் குடும்பமுமே பெருஞ்சுமை. இனிப் படிப்பு எதற்கு என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் நம்மைத் தடுப்பது நேரக்குறைவு மட்டுமன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாணுகிறோம். அந்த நாணமே பெருந்தடை.

அத்தடையை வென்றவர் ஒருவரை நினைவு கூர்வோம். 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். புராணங்களையும் பிரபந்தங்களையும் முறையாகக் கற்றவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப், அவர் படித்த நூல்களையெல்லாம் கேட்டறிந்தபின், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதுவரை அந்நூலைப் படித்ததில்லை. வேறொருவராயின் அதனை அவமதிப்பாகக் கொண்டு ஒதுங்கியிருப்பார். ஐயரோ மீண்டும் மாணவரானார்.

சிந்தாமணி சமண காவியம். அதிலுள்ள சமயக் கருத்துகள் சைவ நூல்களில் பயின்ற அவருக்கு எளிதில் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடிச் சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பிரதிகளைத் தேடித்தேடி ஒப்புநோக்கினார். கல்லூரிப் பணிக்கிடையே இத்தனையும் நடைபெற்றது. ஏழாண்டுகள் கழித்து, 1887இல், நூல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரால் வெளிவந்தன. ஏறத்தாழ 85ஆம் வயதில், 1940இல், தம் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் மறையும் காலம்வரை அவர் உழைப்பு ஓயவில்லை.

நாம் பணிபுரியும் இரயில்வேயில் விதிநூல்களுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றை உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாத நூல் எவ்வளவு தடித்ததாயினும் அதனை நம்பி வேலை செய்ய இயலாது. மனிதர் பெற்ற கல்வியும் அத்தகையதே. பள்ளியிறுதித் தேர்வில் பெற்ற அறிவு அன்றைக்குப் போதுமானது; இன்றைக்கு அதன்மேல் ஒட்டவேண்டிய சீட்டுகள் பல.

ஆகவே அன்பர்களே, மூன்று காரியங்களை இன்றே தொடங்குவோம். முதலாவது, வந்தேறிய ஊரின் மொழியை எழுத்தோடு கற்றல். நம் குழந்தையின் பாடநூலே அதற்குப் போதும்; குழந்தையே ஆசிரியராயின் வெட்கமில்லை. இரண்டாவது, அக்குழந்தைக்கு வீட்டில் நாள்தோறும் கால்மணி நேரமேனும் தமிழ் எழுத்துக் கற்பித்தல். மூன்றாவது, துறைத் தேர்வுக்கோ பட்டத்துக்கோ ஒழுங்காகப் படித்தல். 1985இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலையை விடாமலே படிக்க வழி செய்திருக்கிறது. இல்லத்தரசியருக்கும் அவ்வழி திறந்தேயிருக்கிறது.

இரவுப் பணி வரும், உடல்நலம் குன்றும், தேர்வில் தோல்வியும் நேரும். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடர்வதே ஒழுக்கம். நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 180 மணி நேரத்துக்கு மேலாகும். அந்நேரத்தை நமக்குத் தரவல்லவர் நம்மையன்றி வேறு எவருமிலர்.