திருநர் இல்லத்தில் ஒரு தொட்டில்

பிள்ளைப்பேறு மாந்தர் யாவரும் போற்றும் செல்வம். மணமாகி ஓராண்டு நிறையுமுன்னரே "விசேடம் ஏதும் உண்டா?" என்று வினவாத உற்றார் நம்மிடையே இல்லை. பிள்ளையில்லாதோர் வேளாங்கண்ணிக்குச் சென்று சிறு தொட்டில் கட்டி வேண்டுகின்றனர். இந்த ஏக்கம் இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு உரியதன்று என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் 2023-ஆம் ஆண்டில் நம் அண்டை மாநிலத்திலிருந்து வந்தது.

கோழிக்கோட்டில் பிறந்த குழந்தை

அவ்வாண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை முறையில் ஒரு குழந்தை பிறந்தது. ஈன்றவர் ஜஹாத். அவருடைய வாழ்க்கைத் துணை ஜியா பவல் என்னும் நடன ஆசிரியை. ஜஹாத் பெண்ணுடலுடன் பிறந்து ஆணாக வாழ்பவர். இத்தகையோரைத் திருநம்பி என்கிறோம். ஜியா ஆணுடலுடன் பிறந்து பெண்ணாக வாழ்பவர். இவரைப் போன்றோர் திருநங்கையர். இருசாராரையும் சேர்த்துத் திருநர் என்பது இன்றைய வழக்கு.

இவ்விருவரும் முதலில் தத்தெடுக்கவே விரும்பினர். சட்டத்தின் வழி எளிதாக இல்லை. அதன் பின்னரே தாமே குழந்தை பெறுவதென முடிவு செய்தனர். ஜஹாத் ஆணுருவம் பெறும் பொருட்டு மார்பகங்களை அகற்றிக்கொண்டிருந்தார். ஆயினும் கருப்பை அகற்றப்படவில்லை. அவர் இயக்குநீர்ச் சிகிச்சையை நிறுத்தினார், கருவுற்றார். பிறக்கும் குழந்தைக்குப் பாலூட்ட அவரால் இயலாது. ஆதலால் மருத்துவக் கல்லூரியின் தாய்ப்பால் வங்கியை நாடப் போவதாக அவ்விணையர் தெரிவித்தனர்.

உலகில் இது முதல் நிகழ்ச்சியன்று. அமெரிக்க நாட்டுத் திருநம்பி தாமஸ் பீட்டி 2008-ஆம் ஆண்டிலேயே ஒரு மகளை ஈன்றார். அவருடைய மனைவியால் கருவுற இயலாத நிலையில் அவரே அச்சுமையை ஏற்றார்.

இச்செய்திகளைக் கேட்டு நகைத்தோர் உண்டு, முகஞ்சுளித்தோர் உண்டு, மனமார வாழ்த்தியோரும் உண்டு. ஆனால் பெற்றோரைப் பற்றிப் பேசிய அளவிற்குப் பிறந்த குழந்தையைப் பற்றி நாம் பேசினோமா? இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

மருத்துவம் கூறுவது என்ன?

இது எவ்வாறு கூடும் என்று ஐயுறுவோருக்குச் சில விளக்கங்கள் வேண்டும். திருநம்பியர் ஆணியல்பு பெறுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை மருந்தாக ஏற்கின்றனர். அதனால் பெரும்பாலும் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. எனினும் சூலகம் அழிந்துவிடுவதில்லை. மருந்தை நிறுத்திய பின் பலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளிப்படக்கூடும். மாதவிலக்கு நின்றிருக்கும்போதே எதிர்பாராமல் கருவுறுவதும் உண்டு. எனவே அம்மருந்தைக் கருத்தடையாகக் கருதலாகாது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். வயிற்றில் வளரும் சிசுவிற்குத் தீங்கு நேரலாம் என்பதால், கருவுற்றிருக்கும் காலத்தில் அதனை அறவே தவிர்த்தல் வேண்டும்.

திருநங்கையரின் நிலை வேறு. அவர்கள் ஏற்கும் ஈஸ்ட்ரோஜன் விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது. மருந்தை நிறுத்தினாலும் அது முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. விதைகளை அகற்றும் அறுவைக்குப் பின்னர் மகப்பேற்றுக்கு வழியே இல்லை. ஆகையால் சிகிச்சை தொடங்கும் முன்பே இதுபற்றி எடுத்துரைத்தல் மருத்துவரின் கடமை என்று, திருநர் நலம் பேணும் உலக மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. நம் நாட்டிலோ, வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவயதினர் பலர், தக்க மருத்துவரைக் காணாமலேயே, தம்முள் 'நிர்வாணம்' என வழங்கும் அறுவைக்கு உடலை ஒப்படைத்ததுண்டு. உயிர் பிழைத்தலே பெரும்பாடான அவ்விடத்தில், நாளைய பிள்ளையைப் பற்றி எடுத்துரைப்பார் யார்?

கருப்பையைப் பொருத்துவது கூடுமா என்று கேட்போர் உண்டு. டென்மார்க் நாட்டு ஓவியர் லிலி எல்பே, ஆணுடலுடன் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். தாயாக வேண்டுமென்ற வேட்கையால் அவர் 1931-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கருப்பை பொருத்தும் அறுவைக்கு உட்பட்டார். அதன் விளைவாக அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே உயிர்நீத்தார். மாற்றுக் கருப்பையில் வளர்ந்த முதற் குழந்தை 2014-இல் சுவீடனில் பிறந்தது. ஆனால் அத்தாய் பெண்ணாகவே பிறந்தவர். மகப்பேற்றின் மீதுள்ள ஏக்கம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்பதை லிலியின் மரணம் நமக்கு உணர்த்துகிறது. நகைப்பதற்கு அதில் ஏதுமில்லை.

சட்டத்தின் வாயில்

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் திருநரை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றது. தம் பாலினத்தைத் தாமே கூறும் உரிமையையும் அவர்களுக்கு அளித்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணம் பற்றிய வழக்கில், இந்துத் திருமணச் சட்டம் கூறும் 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது.

மணவாயில் ஓரளவு திறந்தது. தொட்டிலின் வாயில் அவ்வாறு திறக்கவில்லை. 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாடகைத்தாய் முறைச் சட்டம், மணம் புரிந்த ஆண் பெண் இணையரையும், கைம்பெண்ணையும், மணமுறிவு பெற்ற பெண்ணையும் மட்டுமே குறிப்பிட்டது. அதே ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் திருநரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள் மணமான இணையர், தனித்த பெண், தனித்த ஆண் என்றே பேசின. இவ்வரிசைகளுள் எதில் நிற்பது என்றறியாத நிலையில்தான் திருநர் அலுவலக வாசலுக்கு வருகின்றனர்.

சட்டம் அறியாத குடும்பங்களும் உண்டு. பெற்ற வீடு துரத்திய திருநங்கையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்பது அவர்களது ஜமாத்தின் நெடுநாளைய வழக்கம். தாயின் தாய் 'நானி' ஆவார். தாயின் பிற மகள்கள் உடன்பிறந்தோர் ஆவர். நோயில் பணிவிடை செய்வதும், இறந்தால் துக்கம் காப்பதும் மகளின் கடமை. ஆயினும் 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் என்பதை இரத்தத்தாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தினாலோ அமைவது என்றே வரையறுத்தது. மும்பையைச் சேர்ந்த திருநங்கை கௌரி சாவந்த், பாலியல் தொழில் செய்த தாயை இழந்து தவித்த ஒரு சிறுமியைத் தன் மகளாக வளர்த்தார். அவரைப் பற்றி 2017-இல் வெளியான விளம்பரப் படம் ஒன்றைக் கண்டு நாடே நெகிழ்ந்தது. பெற்றவளே தாய் என்போர், அச்சிறுமியைக் காத்தவரை என்னவென்று அழைப்பர்?

பிறப்புச் சான்றிதழில் எழுந்த வழக்கு

மீண்டும் கோழிக்கோட்டிற்கு வருவோம். மாநகராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழில், தந்தை என்னும் இடத்தில் ஜியாவின் பெயரும், தாய் என்னும் இடத்தில் ஜஹாத்தின் பெயரும், ஒவ்வொன்றின் அருகிலும் திருநர் என்னும் குறிப்பும் இடம்பெற்றன. தந்தையாக வாழ்பவர் ஏட்டில் தாய். தாயாக வாழ்பவர் ஏட்டில் தந்தை. பள்ளியில் சேரும்போதும், ஆதார் அட்டை பெறும்போதும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்பிள்ளை தலைகுனிந்து விளக்கம் கூற நேரிடும் என்று பெற்றோர் அஞ்சினர். 'பெற்றோர்' என்று மட்டும் குறிக்குமாறு கேட்டனர். மாநகராட்சி மறுத்தது, வழக்கு கேரள உயர் நீதிமன்றம் சென்றது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், தந்தை, தாய் என்னும் பகுதிகளை நீக்கி, இருவர் பெயரையும் 'பெற்றோர்' எனக் குறித்துப் புதிய சான்றிதழ் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சொல்லை மாற்றுவதற்கு ஈராண்டிற்கும் மேல் ஆயிற்று.

நம் கடமை

பாலின மாற்று அறுவை, செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத்தாய் முறை ஆகியவற்றைப் பற்றிய திருச்சபையின் போதனையை வாசகர் அறிவர். 2024-இல் வெளியான 'எல்லையற்ற மாண்பு' என்னும் ஏடும் அதனை மீண்டும் எடுத்துரைத்தது. ஆயினும் செயற்கைக் கருத்தரிப்பை ஏற்காத 1987-ஆம் ஆண்டின் உரோமை ஏடே, எவ்வழியில் பிறந்த குழந்தையும் இறைவனின் கொடையாக ஏற்கப்பட்டு அன்புடன் வளர்க்கப்பட வேண்டும் என்று கூறுவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2023-ஆம் ஆண்டு அக்டோபரில், பிரேசில் நாட்டு ஆயர் ஒருவரின் வினாக்களுக்கு உரோமை அளித்த விடையும் கருதத்தக்கது. ஒரே பாலின இணையர் வளர்க்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதைப் பற்றிக் கேட்டபோது, அக்குழந்தை கத்தோலிக்க நெறியில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே அளவுகோலாகக் கூறப்பட்டது.

ஆகவே, இத்தகைய இல்லத்துப் பிள்ளை நம் பள்ளிக்கோ மறைக்கல்வி வகுப்புக்கோ வந்தால், "உன் தாய் யார், தந்தை யார்?" என்று துருவுதல் வேண்டா. வீட்டில் நாம் பேசும் ஏளனச் சொற்களையே நம் பிள்ளைகள் வகுப்பறைக்கு எடுத்துச் செல்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. "நான் வேறுவிதமாக உணர்கிறேன்" என்று நடுங்கிக்கொண்டு கூறும் பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கலாம். பெற்றோர் இருக்கும் வீட்டில் வாழவும், அதிலிருந்து விலக்கப்படாதிருக்கவும் திருநருக்கு உரிமை உண்டென 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது. பெற்றோர்க்குச் சட்டம் வந்தா இதைச் சொல்ல வேண்டும்? அப்பிள்ளையை அடிக்காதீர், பூட்டி வைக்காதீர், அவசரமாக மணமுடித்து இன்னொரு வாழ்வையும் பாழாக்காதீர். அமர்ந்து கேளுங்கள், தக்க மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். வீட்டில் இடமுள்ள பிள்ளை இரயிலடியிலும் தெருவோரத்திலும் அலைந்து திரிய நேராது. பிற்காலத்தைப் பற்றி நிதானமாக எண்ணவும் இயலும்.

கருத்து வேறுபாடுகள் நம்மிடையே இருக்கலாம். பிறந்துவிட்ட பிள்ளைக்கு அவற்றால் பசியோ பழிச்சொல்லோ நேராதிருக்கட்டும். அதற்கு வேண்டிய நாவடக்கத்தையும் நல்லறிவையும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் இறைவன் அருள்வாராக.