இருட்டில் விரல் தேடும் எண்

உலகின் மிகப் பழைய அவசரத் தொலைபேசி எண் 999. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தீயானாலும் திருட்டானாலும் 0 சுழற்றி இணைப்பகப் பணியாளரைத்தான் கேட்க வேண்டும். வரும் அழைப்புகளில் எது உயிர் போகிற அவசரம், எது சாதாரண விசாரிப்பு என்று அவருக்குத் தெரியாது. 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தபோது, தீயணைப்புப் படையை அழைத்த அக்கம்பக்கத்துக்காரர் இணைப்புக்காகக் காத்துக் கிடந்தார். ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் நாளிதழுக்கு எழுதிய கடிதமும் அதைத் தொடர்ந்த விசாரணையும்தான் 999-க்கு வித்திட்டன. அந்த எண்ணை யாரேனும் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் அலறும்.

ஏன் 9? பழைய டயல், சுழற்றி விட்டதும் திரும்பி வருகையில் கம்பியில் ஓடும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 1-க்கு ஒரு துடிப்பு, 9-க்கு ஒன்பது. காற்றில் கம்பிகள் உரசினாலே ஒற்றைத் துடிப்பு உண்டாகிவிடும் என்பதால் 111 சரிப்படாது. காசு போடும் தொலைபேசிகளில் 0 ஏற்கெனவே இலவசம்; சின்னத் திருத்தத்தில் 9-ஐயும் இலவசமாக்க முடிந்தது. புகை மண்டிய அறையிலும் விரல், டயலின் தடுப்புக் கொக்கியைத் தடவிக் கண்டுபிடித்துவிடும்: முதல் துளை 0, அடுத்தது 9.

நியூசிலாந்தில் 1958-இல் மாஸ்டர்டன், கார்ட்டர்டன் ஊர்களில் வந்த அவசர எண்ணோ 111. அந்நாட்டு டயலில் எண்கள் தலைகீழாக இருந்தன. பிரிட்டனில் 9 இருக்கும் இடத்தில் அங்கே 1. ஆக, 111 சுழற்றினால் கம்பியில் போவது மும்முறை ஒன்பது துடிப்புகளே. காகிதத்தில் வெவ்வேறாகத் தெரியும் இரண்டு எண்களும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். இணைப்பகக் கருவிகள் பிரிட்டனிலிருந்து வந்தவை என்பதால் இந்தப் பொருத்தம் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில்லில் ஒலித்தது. ஐரோப்பா 1991-இல் 112-ஐப் பொது எண்ணாக ஏற்க முடிவெடுத்தது. இந்தியாவிலும் இன்று 112 உண்டு. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் என்றதும் நாவில் வருவது 108.

விளையாட்டுக்காக இந்த எண்களை அழுத்துவோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பிடித்து வைக்கும் நிமிடத்தில், விம்போல் தெருவின் காத்திருப்பு இன்னொருவர் தலையில் விழுகிறது. பழைய கைபேசியைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்கும் பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மௌனமான அழைப்பு எல்லாம் விளையாட்டும் அல்ல. பக்கத்திலேயே தாக்குபவன் நிற்கையில் வாய் திறக்க முடியாது. பிரிட்டனில் கைபேசியில் 999 அழைத்துப் பேசாமல் இருப்பவரிடம் முதலில் இருமும்படியோ கைபேசியைத் தட்டும்படியோ கேட்பார்கள். பிறகு 55 அழுத்தினால் அழைப்பு காவல்துறைக்கு மாறும். 55 அழுத்துவதால் மட்டும் இருப்பிடம் தெரிந்துவிடாது. காவல்துறைப் பணியாளர் ஆம், இல்லை என்று பதில் வரும்படி ஒவ்வொன்றாகக் கேட்பார், அழைத்தவர் தட்டித் தட்டியே பதில் சொல்வார்.