மிருதங்கத்துக்கு ஒரு கவளம்

கச்சேரியில் எல்லோரும் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கண்ணை மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலைமேல் வையுங்கள். நட்ட நடுவே வட்டமாக, கறுப்பாக மின்னுகிறதே, அது என்னவென்று நினைக்கிறீர்கள்? மையா? தாரா? சோறு ஐயா, சோறு! குழைய வடித்த வெள்ளைச் சோறு!

கிட்டான் கல்லை இடித்து, நைஸாகச் சலித்து, அந்தப் பொடியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைவார்கள். தோலின் நடுவே மெல்லிசாக ஒரு பூச்சு. வழுவழுப்பான கல்லால் ஒரு தேய்ப்பு. காய்ந்ததும் மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அடுக்கடுக்காக ஏறி நிற்பதற்குப் பெயர் கரணை. அவசரக்காரர்களுக்கு ஆகிற வேலை இல்லை.

வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் சத்தம் வரும், சுருதி நிற்காது. நடுவில் இந்தச் சோற்றுப் பாரம் ஏறியதும், அதிலிருந்து எழும் மேல்சுரங்கள் தந்தி வாத்தியத்தில் வருகிற மாதிரியே ஒன்றோடொன்று இணங்கிவிடுகின்றன. இந்த மாயத்தை 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார் ஒருவர். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன்! நோபல் பரிசு வாங்கியது அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான்.

இப்போது மேடைக்குப் பின்னால் வாருங்கள், சத்தம் போடாமல். தம்புராவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக மிருதங்க வித்வான் ஒரு கிண்ணத்தில் என்னவோ பிசைகிறார், எட்டிப் பாருங்கள். ரவை! பூரிக்கு மாவு பிசைகிற மும்முரம்தான். உருட்டி, இடது பக்கத் தொப்பியின் நடுவே அப்பி, தட்டிப் பார்க்கிறார். சுருதி இன்னும் இறங்க வேண்டுமா, கொஞ்சம் கூட அப்பு. காய்ந்தால் தண்ணீர் தொட்டுத் தடவு. கச்சேரி முடிந்ததும் வழித்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த மேடைக்குப் புது ரவை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுமே கூட்டத்தில் பாதி நைசாக எழுந்து கேன்டீனுக்கு நகர்கிறதே, ரவா தோசை தின்ன! மேடையில் ஒரு ரவை உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது!

அந்த கேன்டீனில் வெங்காயம் உண்டா இல்லையா என்று விசாரித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. உள்ளே முழங்குவதோ பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அந்தத் தோலைத் தேடிப் போய் வாங்கி, பதம் பார்த்து, மூட்டுப் போட்டு, சோறும் பூசித் தருகிறவர்களை மேடையில் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். தஞ்சாவூரில் இந்த வேலையில் பேர்போன குடும்பங்கள் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே அவர்களைப் பற்றி எழுதிய பிறகுதான் சபாக்காரர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ரொம்ப லேட்.

சரி, இந்த வாத்தியத்துக்குள் அரிசி எப்படி நுழைந்தது? நுழையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் காலத்தில் காவிரிப் பக்கம் பாட்டுக்குக் கூலியே நெல்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தால் சம்பளப் பட்டியல் மாதிரி இருக்கிறது. ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். திருப்பதிகம் பாடுகிறவர்கள் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். தலைக்குத் தினம் மூன்று குறுணி நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மத்தளம் கொட்டியவருக்கு நெல் அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பிடி வாத்தியத்துக்கும் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை. கல்வெட்டு அதைச் சொல்லவில்லை, நான் விடுவதாகவும் இல்லை.

பலாமரம் இன்னொரு கேடி. சுளையைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு, கட்டையோடு நேரே கச்சேரிக்கு வந்துவிடுகிறது. மிருதங்கக் கட்டை பலா, தவில் பலா, தஞ்சாவூர் வீணையும் பலா. ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அதை ஏகாந்த வீணை என்பார்கள். பலாப்பழத்துக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்திலிருந்துதான் வீணைக்கு மரம் வருகிறது. எவ்வளவு சுளை தின்றிருப்போம், ஒரு தடவையாவது வீணை ஞாபகம் வந்திருக்குமா நமக்கு?

கல்யாண வீட்டில் தவில்காரரின் வலது கையைப் பாருங்கள். விரலுக்கு விரல் வெள்ளையாகத் தொப்பி மாட்டியிருப்பார். அதற்குக் கூடு என்று பேர். துணி நாடாவில் மாவுப் பசையைத் தடவி, சுற்றிச் சுற்றிக் காயவைத்துக் கல்லாக இறுக்கியது. பின்கட்டில் அண்டா கொதிக்கும்போது முன்கட்டில் மண்டபம் அதிர்வதற்கும் மாவுதான் காரணம்!

இவ்வளவு சிநேகமாக இருக்கும் சாப்பாடு, நாதஸ்வரத்திடம் மட்டும் வம்பு பண்ணும். ஊதுகிற சீவாளி உதட்டில் இருக்கும்போது வித்வானுக்கு நாக்கில் எச்சில் ஊறினால் தீர்ந்தது கதை. ஊர்ப் பொடியன்களுக்கு இது நன்றாகவே தெரியும். முன் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர் பார்க்கிற மாதிரி புளியங்காயைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டுவார்கள். தோடி பாதியில் தள்ளாடும். தாத்தாக்கள் துண்டை உதறிக்கொண்டு விரட்டுவார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது மேளத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற வாண்டுகளின் சட்டைப்பையைக் கொஞ்சம் சோதனை போட்டுவிடுங்கள்.