‘ஹலோ, கேக்குதுங்களா?’ - கூட்டத்தின் ஒலியை லைவ் செய்ய என்கோடரை செட் செய்வது எப்படி?

கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் போனால் ஊர் வருவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிடும். நாடா ஓடும் கூடத்துக்குள் நிற்பவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். இல்லையென்றால், வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டும்.

அந்த வாட்ஸ்அப் சேதி சரியாக வந்து சேர்கிறதா என்பதுதான் பிரச்சினை. 2021 நவம்பரில் விசைத்தறி கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டபோது வந்தது ஒரு எண் அல்ல, இரண்டு: சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம். அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச், ஏப்ரலில் மறுபடியும் வேலைநிறுத்தம். இப்படிப்பட்ட நாட்களில் "எவ்வளவு ஏத்துனாங்க?" என்ற ஒரே கேள்விக்கு நாலு குரூப்பில் நாலு பதில் வந்தால், எதை நம்புவது?

மேடையில் சொல்வதை, சொல்கிற குரலிலேயே எல்லோரும் கேட்க முடிந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மைக் செட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி போதும். அதன் பெயர் ஆடியோ ஸ்ட்ரீமிங் என்கோடர். அதை எப்படி செட் செய்வது? படிப்படியாகப் பார்ப்போம்.

என்கோடர் என்ன செய்கிறது?

மிக்ஸரிலிருந்து வரும் ஒலியை வாங்கி, சுருக்கி, இன்டர்நெட் வழியாக ஒரு சர்வருக்குத் தொடர்ந்து அனுப்புவதுதான் என்கோடரின் வேலை. கேட்பவர்கள் அந்த சர்வரிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

எவ்வளவு சுருக்கும்? சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். அதையே 64 கிலோபிட்டுக்குள் அடக்கினால், அளவு 22-ல் ஒரு பங்காகிவிடும். பேச்சு தெளிவாகவே கேட்கும்.

இது புதுசும் இல்லை. அகில இந்திய வானொலியின் கோவை ரெயின்போ எஃப்எம் 103 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அலை குறிப்பிட்ட தூரத்தோடு நின்றுவிடும். ஆனால் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் வானொலியின் 200-க்கும் மேற்பட்ட ஒலிபரப்புகளை நேரலையாகக் கேட்கலாம். துபாயில் வேலை பார்க்கும் கோவைக்காரர் ஊர் நிகழ்ச்சியைக் கேட்பது இந்த வழியில்தான். நிலையத்தில் இருப்பது விலை கூடிய கருவிகளாக இருக்கலாம், ஆனால் அடிப்படை வேலை இதேதான்.

ஃபேஸ்புக் லைவ் இருக்கே, இது எதற்கு?

வீடியோ லைவ் ஒன்று நொடிக்கு 1 மெகாபிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி டேட்டா காலி. 64 கிலோபிட் ஆடியோவுக்கு மணிக்கு 29 எம்பிகூட ஆகாது. மூன்று மணி நேரக் கூட்டத்தை முழுசாகக் கேட்டாலும் 90 எம்பிக்குள் முடிந்துவிடும். சிக்னல் சுமாராக இருந்தாலும் ஓடும். ஸ்கிரீனை அணைத்துவிட்டு, வீட்டு வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: விசைத்தறிக்கூடச் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். அதையும் மீறி இயர்போனில் வால்யூமை ஏற்றுவது காதுக்குக் கேடு. ஓடும் தறிக்கு அருகே கவனம் சிதறுவது அதைவிட ஆபத்து. தறிக்கு வெளியே, டீ டைமில் கேட்பதே நல்லது.

என்னென்ன வேண்டும்?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இதற்கென்றே செய்த பெட்டி. சுவிட்சர்லாந்தின் பேரிக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. ஒருமுறை செட் செய்துவிட்டால், பவர் கொடுத்ததும் தானாக லைவ் போகும். நிரந்தரமாக ஓட்டுபவர்களுக்கு இதுவே சரி.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி, ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, டார்க்ஐஸ் போன்ற இலவச மென்பொருள். கொஞ்சம் லினக்ஸ் தெரிந்த பையன் ஒருவன் கூட இருக்க வேண்டும்.

மூன்றாவது, கையில் இருக்கும் லேப்டாப்பில் ‘பட்’ என்ற இலவச மென்பொருள். முதல்முறை முயல்பவர்களுக்கு இது போதும்.

எந்த வழியானாலும் மறுமுனையில் ஒரு சர்வர் வேண்டும். பலரும் பயன்படுத்துவது ஐஸ்காஸ்ட். ஜாக் மொஃபிட், பரத் ராகவன் ஆகியோர் 1998-ன் கடைசியில் தொடங்கிய இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. வாடகை சர்வரில் நீங்களே நிறுவலாம், அல்லது மாதக் கட்டணத்துக்கு ஐஸ்காஸ்ட் தருபவர்களிடம் வாங்கலாம்.

முதல் வேலை: சத்தத்தைச் சரிசெய்வது

பலர் நேராக நெட்வொர்க் செட்டிங்ஸுக்குப் போய்விடுகிறார்கள். லைவ் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, ஒயரில்.

மைக் செட்காரரிடம் மிக்ஸரின் ‘ரெக்கார்டு அவுட்’ அல்லது ‘ஆக்ஸ் அவுட்’ கேளுங்கள். அதை என்கோடரின் லைன் இன்னில் செருக வேண்டும். மைக் இன்னில் செருகினால் குரல் உடைந்து கரகரக்கும்.

அடுத்து லெவல். டிஜிட்டல் மீட்டரில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதைத் தொட்டால் குரல் வெட்டுப்படும், பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. சாதாரணப் பேச்சு மைனஸ் 12 பக்கத்தில் ஆட வேண்டும். உரக்கக் கத்தினாலும் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. கூட்டத்தில் சூடாகப் பேசுபவர் நிச்சயம் ஒருவர் இருப்பார், அவரை மனதில் வைத்து லெவலைக் குறையுங்கள்.

"ம்ம்ம்" என்று அடிநாதமாக ஒரு ஓசை கேட்டால், அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம். மிக்ஸரையும் என்கோடரையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லையென்றால் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். தறி மோட்டார் ஓடும் லைனில் இருந்து பவர் எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

சோமனூருக்கென்றே ஒரு பாடமும் உண்டு. தறிச் சத்தம் மைக்கில் ஏறினால் எரிச்சல் மட்டும் இல்லை, தரமும் போகும். என்கோடரிடம் நொடிக்கு இத்தனை பிட் என்று ஒரு கணக்குதான் இருக்கிறது. பின்னணி இரைச்சலையும் அது ஒலியாகவே எடுத்துக்கொண்டு, அதற்கும் பிட்டைச் செலவழிக்கும். குரலுக்கு மிச்சம் குறையும், தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். எனவே ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் டைனமிக் மைக்கை, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடித்துப் பேச வையுங்கள். எந்த செட்டிங்ஸை விடவும் இது பலன் தரும்.

செட்டிங்ஸில் எதை நிரப்புவது?

என்கோடரை ரவுட்டருடன் கேபிளால் இணையுங்கள். கூட்டம் கூடும் இடத்தில் வைஃபையை நம்ப வேண்டாம். ரவுட்டர் அந்தப் பெட்டிக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கும். அதை லேப்டாப் பிரவுசரில் அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். முதல் வேலையாக, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அங்கே நிரப்ப வேண்டியவை ஐந்துதான்.

சர்வர் முகவரி: ஐஸ்காஸ்ட் ஓடும் சர்வரின் பெயர்.

போர்ட்: ஐஸ்காஸ்டுக்கு வழக்கமாக 8000.

மவுண்ட் பாயின்ட்: ஒரே சர்வரில் பல ஒலிபரப்புகள் ஓடலாம். உங்களுடையது எது என்று காட்டும் பெயர் இது. சாய்கோட்டில் தொடங்கும், ஒரு எழுத்து மாறினாலும் லைவ் வராது.

யூசர் நேம், பாஸ்வேர்டு: ஒலி அனுப்புபவருக்கான யூசர் நேம் ஐஸ்காஸ்டில் வழக்கமாக ‘சோர்ஸ்’. இதன் பாஸ்வேர்டை குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அது கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் பேசலாம்.

கோடெக், பிட்ரேட்: இதைத் தனியாகப் பார்ப்போம்.

"எங்க நெட்டுக்கு ஸ்டேடிக் ஐபி இல்லையே" என்று தயங்க வேண்டாம். என்கோடர்தான் வெளியே போய் சர்வரைத் தொடுகிறது, சர்வர் உள்ளே வருவதில்லை. அதனால் சாதாரண மொபைல் ஹாட்ஸ்பாட்டில்கூட இது வேலை செய்யும்.

எந்த கோடெக்? எவ்வளவு பிட்ரேட்?

எம்பி3 பழசு, ஆனால் எந்த போனிலும் ஓடும். ஏஏசி குறைந்த பிட்ரேட்டில் அதைவிடத் தெளிவு. 2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் பேச்சுக்கு அருமையானது, மோனோவில் 32 கிலோபிட்டே போதும். ஆனால் பழைய ஐபோன்களில் மக்கர் செய்யலாம்.

எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றால் எம்பி3, மோனோ, 64 கிலோபிட், சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோ வேண்டாம். மேடையில் பேசுவது ஒருவர்தான். அதே குரலை இரண்டு பக்கமும் அனுப்பி பிட்டை வீணடிப்பானேன்?

எத்தனை பேர் கேட்கலாம்?

மேடையிலிருந்து போவது ஒரே ஒரு 64 கிலோபிட் ஓட்டம். 5 பேர் கேட்டாலும் 500 பேர் கேட்டாலும் உங்கள் நெட்டுக்கு அதே சுமைதான். பெருக்கித் தருவது சர்வரின் வேலை. 500 பேர் கேட்டால் சர்வருக்கு நொடிக்கு 32 மெகாபிட் தேவை. மூன்று மணி நேரத்துக்கு மொத்தம் சுமார் 43 ஜிபி. சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது இந்த இரண்டு எண்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது டவுன்லோடு அல்ல, அப்லோடு ஸ்பீடு. அதுவும் கூட்டம் சேர்ந்த பிறகு. காலியிடத்தில் பறக்கும் மொபைல் நெட், ஆயிரம் போன்கள் வந்ததும் திணறும். பிராட்பேண்ட் கேபிள் இருந்தால் அதுவே முதல் தேர்வு.

இன்னொரு சிக்கலும் வரும். உங்கள் இணையதளம் பூட்டுக் குறியோடு பாதுகாப்பாக இருந்து, ஸ்ட்ரீம் லிங்க் அப்படி இல்லாவிட்டால், பிரவுசர் அதைத் தடுத்துவிடும். "லைவ் வரலை" என்று போன் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கரண்ட் போனால்?

மிக்ஸர், என்கோடர், ரவுட்டர், ஃபைபர் நெட் வைத்திருந்தால் அதன் மோடம் - நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் லைவ் அறுந்துவிடும். என்கோடரில் ‘ஆட்டோ ரீகனெக்ட்’ ஆன் செய்யுங்கள். மாற்று நெட்டாக ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். லைவ் அறுந்தாலும் கூட்டம் முழுதும் பதிவாகும்படி தனியாக ஒரு ரெக்கார்டிங் ஓடட்டும். "மேடையில என்ன சொன்னாங்க?" என்று பிறகு சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

லைசென்ஸ் வேண்டுமா?

எஃப்எம் அலையில் ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் கட்டாயம். பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி அப்படி உரிமத்தோடு நடப்பது. இன்டர்நெட்டில் ஒரு கூட்டத்தின் ஒலியை அனுப்ப அலைவரிசை உரிமம் தேவையில்லை. ஆனால் செய்தி, நடப்பு விவகாரத் தளமாகவே தொடர்ந்து நடத்தினால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும்.

பலர் மாட்டிக்கொள்வது பாட்டில். கூட்டம் தொடங்கும் முன் மைக் செட்டில் ஓடும் சினிமா பாட்டு அப்படியே லைவில் போனால், அது காப்புரிமைச் சிக்கல். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு வானொலி, தொலைக்காட்சிக்குத் தரும் சலுகை இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாது என்று டிப்ஸ் - விங்க் வழக்கில் பாம்பே உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. பாட்டு முடிந்த பிறகு லைவைத் தொடங்குவதே பாதுகாப்பு.

மைக் ஆனில் இருக்கிறது, ஜாக்கிரதை

கடைசி விஷயம் டெக்னிக்கல் இல்லை, ஆனால் முக்கியம். பேச்சுவார்த்தைக்கு முன் நாலு பேர் தலையை ஒட்டிவைத்து "எதுவரைக்கும் இறங்கலாம்?" என்று பேசுவது எதிர்த்தரப்பு போனில் கேட்டால் என்ன ஆகும்? மேடையில் இருப்பவர்களுக்கு லைவ் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மியூட் பட்டனுக்கு என்றே ஒருவர் உட்காரட்டும். வேறு வேலை அவருக்கு வேண்டாம்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஊரில் ஒருவர், பல்லடத்தில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என மூன்று பேர் மூன்று வேறு போன்களில் கேட்கட்டும். மைக்கில் "ஹலோ, கேக்குதுங்களா?" என்று கேட்டதும் பதில் வராது, பதற வேண்டாம். சர்வரும் போனும் கொஞ்சம் ஒலியைச் சேர்த்துவைத்துத்தான் ஓட்டும். 10 முதல் 30 நொடி தாமதம் சகஜம்.

மூன்று போனில் இருந்தும் "கேக்குதுங்க" என்று வந்தால், மறுநாள் கூட்டத்தைத் தாராளமாக ஆரம்பிக்கலாம்.