ஈட்டாத பணத்துக்கும் கணக்கு: பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளின் வீட்டுத்தொழிலும் அரசு உதவித்தொகையும்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளான ஜனவரி 31 நெருங்கும் வேளையில், பிரிட்டனில் வீட்டிலிருந்தபடியே தையல், கேக் தயாரிப்பு, மொழிபெயர்ப்பு போன்ற சிறுதொழில் செய்யும் மாற்றுத்திறனாளி வாசகர்களின் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: அந்த ஆண்டுக் கணக்கே, குறைந்த வருமானத்தோருக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கும் போதும் என்று பலர் கருதுகிறார்கள். அது போதாது. யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கில் இயங்குவது. அந்த மாதத்தில் கைக்கு வந்த பணத்தையும் தொழிலுக்காகச் செலவான பணத்தையும், மதிப்பீட்டு மாதம் முடிவதற்கு 7 நாட்களுக்கு முன்பிருந்து முடிந்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதோடு, வரிக் கணக்கில் கிடைக்கும் 1,000 பவுண்டு வணிக விலக்கும் இங்கே செல்லாது.

ஆனால் இந்தக் குழப்பத்தைவிடக் கவலை தருவது, கடிதங்களில் அதிகம் பேசப்படாத ‘குறைந்தபட்ச வருமானத் தளம்’ என்ற ஏற்பாடு. சுயதொழிலையே முதன்மை வேலையாகக் கொண்டவர் என்று அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டர் முடிவு செய்த ஒருவர், தொடக்ககாலச் சலுகையான 12 மாதங்கள் கழிந்தபின் எவ்வளவு குறைவாக ஈட்டினாலும், அவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை நேரத்தைக் குறைந்தபட்ச ஊதியத்தால் பெருக்கி, உத்தேச வரியைக் கழித்து வரும் தொகையை அவர் ஈட்டிவிட்டதாகவே கொள்வது இதன் சாரம். வாரம் 35 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண்டு என்ற 2025-26 கணக்கின்படி, வரிக் கழிவுக்கு முன் இது மாதம் ஏறக்குறைய 1,852 பவுண்டு ஆகிறது. ஆகவே நோய் முற்றிப் படுத்த மாதத்தில் 450 பவுண்டு மட்டுமே ஈட்டிய தையற்காரருக்கும் உதவித்தொகை அந்தக் கற்பனை வருமானத்தை வைத்தே குறைக்கப்படுகிறது. அடுத்த மாதம் தேறி 2,500 பவுண்டு ஈட்டினாலோ, உண்மையான வருமானம் முழுவதும் கணக்கில் ஏறுகிறது. வருமானம் கீழே போனால் ஏற்க மறுத்து, மேலே போனால் மட்டும் ஏற்கும் இந்தக் கணக்கு, ஏறி இறங்கும் நோயோடு வாழ்பவரையே கடுமையாகத் தாக்குகிறது.

தொழிலை வளர்க்க ஊக்கம் தருவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்று அரசு விளக்குகிறது. எனினும் கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை, இதே தளத்தை அரசே நிறுத்தி வைத்தது. வருமானம் குறைவது எப்போதும் முயற்சிக் குறைவால் அன்று என்பதை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்ட நிர்வாகம், தனி மனிதரின் உடல் முடங்கும் மாதத்துக்கு அதே நியாயத்தை மறுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.

இந்தத் தளத்திலிருந்து விடுபடும் வழி விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. அன்றாட வாழ்விலும் நடமாட்டத்திலும் உள்ள சிரமத்துக்காக, வருமானத்தைப் பாராமல் வழங்கப்படும் ‘பிப்’ உதவித்தொகை ஒருவரைத் தளத்திலிருந்து தானாக விடுவிப்பதில்லை. விடுவிப்பது, பணித்திறன் மதிப்பீட்டின் வழியே கிடைக்கும் ‘வரம்புக்குட்பட்ட பணித்திறன்’ என்ற தகுதி. 2017 ஏப்ரலுக்குப் பின் புதிதாக விண்ணப்பித்தோருக்கு இந்தத் தகுதியால் தனித் தொகை எதுவும் கிடைப்பதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சுயதொழில் செய்பவருக்கு அதுவே தளத்தை நீக்கி, வீட்டு வாடகை உதவி பெறுபவராயின், 2025-26 கணக்கின்படி, மாதம் 411 பவுண்டு வரையும், பெறாதவராயின் 684 பவுண்டு வரையும் உள்ள வருமானத்தால் உதவித்தொகை குறையாதபடி காக்கிறது. அதே 2025-26 கணக்கின்படி மாதம் சுமார் 846 பவுண்டும் அதற்கு மேலும் ஈட்டுபவருக்கு அந்த மதிப்பீட்டின் கதவு பொதுவாக மூடப்படுகிறது என்றாலும், பிப் பெறுபவருக்கு அது திறந்தே இருக்கிறது. பிப்பின் மறைமுகப் பயன்களில் இதுவே பெரியது.

மதிப்பீட்டு முடிவு வரும்வரை, உடல்நிலைக்கு ஏற்ப எதிர்பார்ப்பு நேரத்தைக் குறைக்குமாறு வேலை ஆலோசகரிடம் எழுத்துமூலம் கோர விதிகள் இடமளிக்கின்றன. 35 மணி நேரம் 10 ஆகக் குறைந்தால், வரிக் கழிவுக்கு முந்தைய தளமும் 1,852 பவுண்டிலிருந்து 529 பவுண்டாக இறங்குகிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்:

தொழில் செய்தால் பிப் நின்றுவிடுமா? நிற்காது, ஆனால் ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், மீண்டும் மீண்டும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல் என்பதால், தொழிலில் பெறும் உதவியையும் எடுக்கும் ஓய்வையும் படிவத்தில் எழுத வேண்டும்.

வீட்டையே தொழிலிடமாகப் பயன்படுத்துவதற்குக் கழிவு உண்டா? மாதம் 25 மணி நேரத்துக்கு 10 பவுண்டில் தொடங்கி, 100 மணி நேரத்துக்கு மேல் 26 பவுண்டு வரை உண்டு.

நோயாலோ உடற்குறையாலோ வேலை செய்ய இயலாதோருக்கான ‘புதிய முறை ஈஎஸ்ஏ’ உதவித்தொகை பெறுபவர் தொழில் செய்யலாமா? வாரம் 16 மணி நேரத்துக்குள், 195.50 பவுண்டுக்கு (2025-26 வரம்பு) மேற்படாமல், முன்கூட்டித் தெரிவித்துச் செய்யலாம்.

2026 ஏப்ரல் 6 ஏன் முக்கியம்? யூனிவர்சல் கிரெடிட்டில் கடும் பணித்திறன் குறைவுக்கான கூடுதல் தொகை, அந்த நாள் முதல் புதிதாகத் தகுதி பெறும் பெரும்பாலோருக்கு மாதம் 217.26 பவுண்டாகக் குறைகிறது.

உதவித்தொகை பற்றிய முடிவு தவறென்று தோன்றினால்? ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரி, அதுவும் பலிக்காவிடில் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.